சங்கரா மீனுக்குச் சிவப்பைத் திருப்பிக் கொடுக்கும் விளக்கு

வணக்கம் நேயர்களே. காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போயிருப்பீர்கள். கூடை நிறைய சங்கரா கொட்டிக் கிடக்கும், அந்தச் சிவப்பைப் பார்த்தாலே குழம்பு ஞாபகம் வந்துவிடும். அதே சங்கரா 20 மீட்டர் ஆழத்தில் என் முன்னால் நீந்தும்போது பழைய அலுமினியச் சட்டி நிறத்தில் இருக்கும். குறை மீனில் இல்லை. கடல் தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்கும். ஐந்து மீட்டர் இறங்கும்போதே அது மங்க ஆரம்பித்து, பத்து மீட்டருக்குள் ஏறக்குறைய போய்விடும், அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் கழன்று கடைசியில் நீலமும், நம் பக்கத்துக் கலங்கலில் பச்சையும்தான் மிச்சம். அந்த இடத்தில் கையிலிருக்கும் விளக்கை மீன் மேல் அடித்தால், ஏலக்கூடைச் சிவப்பு அப்படியே திரும்பி வரும். நட்டநடுப் பகலிலும் டைவர்கள் விளக்கோடு இறங்குவது இதற்குத்தான்.

நான் ராயபுரத்துக்காரன். கப்பலின் அடிப்பாகத்தைத் தண்ணீருக்குள் போய் வீடியோ எடுப்பது என் வேலை, லீவு கிடைத்தால் அந்தமான், புதுச்சேரி என்று ஆசைக்கு இறங்குவேன். டைவிங் பழகும் பசங்க என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணா, எத்தனை லூமன் வாங்கலாம்?" லூமன் என்றால் விளக்கு மொத்தமாகக் கொட்டும் வெளிச்சத்தின் அளவு. நான் திருப்பிக் கேட்பது, "எந்தத் தண்ணியிலே இறங்கப் போறே?"

மார்கழிப் பனியில் எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது உடனே புரியும். ஹை பீம் போட்டால் சாலை தெரியாது, முகத்துக்கு எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். கடலில் மிதக்கும் வண்டலும் நுண்ணுயிர்களும் அதே வேலையைச் செய்யும். லென்ஸுக்குப் பக்கத்தில் விளக்கை வைத்து நேராக அடித்தால், மீனுக்கு முன்னால் மிதக்கிற ஒவ்வொரு தூசும் பளிச்சென்று பற்றிக்கொண்டு, வீடியோவில் மாவு சலித்த மாதிரி விழும், லூமன் கூடக் கூட மாவும் கூடும். அதனால் விளக்கைக் கேமராவின் தலையில் ஒட்டவைக்காமல், கேமராவில் மாட்டுகிற, நீட்டி மடக்கும் கம்பிக் கை வாங்கி இரண்டு பக்கமும் தள்ளி வைத்து, விளக்கின் முகத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள், ஒளிவட்டத்தின் ஓரம் மட்டும் மீனைத் தொட்டால் போதும். விளக்குக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு இந்தக் கைக்குக் கஞ்சத்தனம் பிடிக்கிறவர்களைத்தான் எனக்குப் புரியவே இல்லை.

ஒளிக்கற்றை எவ்வளவு விரியும் என்ற கோணம் அடுத்தது. வழி பார்க்க, பாறை இடுக்கில் எட்டிப் பார்க்க, கூட வருபவருக்குச் சைகை காட்ட, பத்துப் பதினைந்து டிகிரிக்குள் ஒடுங்கிய கற்றை வேண்டும். அதைத் தரையில் வட்டமாகச் சுற்றினால் 'எல்லாம் சரி', வேகமாக ஆட்டினால் 'ஆபத்து, இங்கே வா'. வீடியோவுக்கு அது ஆகாது, படத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அதற்கு 100, 120 டிகிரி பரவுகிற, நடுவும் ஓரமும் ஒரே சீரான விளக்கு வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்வேன் என்று சொல்லும் விளக்குகள் உண்டு, நானும் ஒன்று வைத்திருந்தேன், இரண்டையும் அரைகுறையாகச் செய்தது. இரவில் இறங்குவதாக இருந்தால், பெரிய விளக்கு எதுவானாலும், ஒடுங்கிய கற்றையில் சின்ன டார்ச் ஒன்று சட்டைக் கொக்கியில் கூடுதலாகத் தொங்கியே ஆக வேண்டும்.

நிறத்துக்கு, ஒளியின் சாயலைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 5000 முதல் 6500 வரை, நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று நூற்றுக்குச் சொல்லும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் இருந்தால் நல்லது. ஆனால் ஒளி மீன் வரை போய், மறுபடி லென்ஸ் வரை திரும்பி வரவேண்டும், போகவர இரண்டு வழியிலும் தண்ணீர் சிவப்பை உறிஞ்சும். அதனால் கிட்டே போங்கள். ஒரு கை தூரத்தில் எடுத்த படத்துக்கு ஈடாக, நாலு மீட்டர் தள்ளி எத்தனை லூமன் கொட்டினாலும் வராது.

பெட்டியில் போட்டிருக்கும் கணக்குக்கு வருவோம். ஆன்சி எஃப்.எல்-1 என்று ஒரு அளவு முறை உண்டு, விளக்கை எரியவிட்டு 30 விநாடிக்கும் 2 நிமிடத்துக்கும் நடுவில் அளந்ததுதான் அந்த லூமன். எரியும் நேரம் என்று எழுதியிருப்பது வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் வரைக்கும் சேர்த்து. கடைசி அரைமணி நேரம் ஊதுவத்தி மாதிரி எரிந்தாலும் அதுவும் கணக்கில் வரும்! வீடியோவுக்கு வெளிச்சம் நடுவில் இறங்கினால் ஷாட் போச்சு, அதனால் எத்தனை நிமிடம் ஒரே அளவில் எரியும் என்று தனியாகக் கேளுங்கள். கடையிலேயே விளக்கைக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, செல்போன் கேமராவில் பாருங்கள், திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் வேண்டாம், வீடியோவிலும் அதே பட்டைதான் விழும்.

பேட்டரியில் நான் ஏமாந்த கதையும் இருக்கிறது. பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் விளக்குக்குப் போடும் 18650 என்ற உருளை லித்தியம் செல் வாங்கினேன், மேலே 9900 எம்.ஏ.எச். (எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற கணக்கு) என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த அளவு செல்லில் நல்ல தரமானதே 3500 சொச்சம்தான் தாங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. இருபது நிமிடத்தில் அணைந்துவிட்டது. சந்தேகப்பட்டு சௌகார்பேட்டையில் நகைக்கடை வைத்திருக்கும் நண்பனின் தராசில் வைத்தால் 30 கிராம்கூட இல்லை, நல்ல செல் 45 கிராமுக்கு மேல் நிற்கும்.

தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 68 என்ற தர எண் எழுதியிருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். அதைப் போட்ட கம்பெனி எத்தனை மீட்டர் என்று தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும், கரையில் இருக்கும் காற்றழுத்தத்தின் அளவுக்கு அழுத்தம் கூடிக்கொண்டே போகும். 100 மீட்டர் என்று தெளிவாகப் போட்ட டைவிங் விளக்காக எடுங்கள். விளக்கின் உடம்பில் ஓட்டை போடாமல் வெளியிலிருந்தே காந்தத்தால் வேலை செய்யும் ஸ்விட்ச் எனக்குப் பிடிக்கும், உள்ளே கசிய ஒரு வழி குறைவு.

என் முதல் விளக்கைத் தண்ணீர் கொண்டுபோனது மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் ஒட்டியிருந்த ஒரே ஒரு தலைமுடியால், அதுவும் என் முடி. அன்றிலிருந்து மூடியைத் திருகுமுன் ரிங்கை விரலால் உருட்டிப் பார்த்து, பயறு அளவு கிரீஸ் தடவி, வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பார்ப்பேன். கரையேறியதும் நல்ல தண்ணீர் வாளியில் ஊறவைப்பேன், லாரித் தண்ணீர் வராத நாளில் வீட்டில் அந்த வாளிக்காகவே சண்டை நடக்கும், அது வேறு கதை.

புது விளக்கை முதல் தடவை பேட்டரி போடாமல், உள்ளே ஒரு டிஷ்யூ பேப்பரை மட்டும் மடித்து வைத்து இறக்குங்கள். மேலே வந்து, மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். டிஷ்யூ காய்ந்தபடியே இருந்தால் அடுத்த டைவுக்குச் செல்லைப் போட்டுக்கொள்ளலாம்.