எழுத்து இல்லாத பகுதிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

"500 ஜிபி எண்டு சொல்லித்தான் வித்தவை. திறந்து பார்த்தால் 465தான் காட்டுது. மிச்சம் எங்கை?" கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ கணினி திருத்தும் எந்தக் கடையிலும் இந்தக் கேள்வி எழும். அந்த 35 ஜிபியை யாரும் ஒளிக்கவில்லை. டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. கணக்கு வேறு, இடம் ஒன்றுதான்.

ஆனால் உண்மையாகவே கண்ணில் படாத பகுதிகளும் டிஸ்கில் உண்டு. விண்டோஸ் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தி, வரும் பட்டியலில் டிஸ்க் மனேஜ்மென்ட் என்பதைத் திறவுங்கள். கீழ்ப்பாதியில் உங்கள் டிஸ்க் வரம்பு கட்டிய வயலாகத் தெரியும். ஒவ்வொரு துண்டும் ஒரு பார்ட்டிஷன். அகலமான துண்டு சி. விண்டோஸ் 10, 11 நிறுவிய கணினிகளில் பெரும்பாலும் அதற்கு இடப்பக்கம் 100 எம்பி அளவில் ஒரு துண்டு, வலப்பக்கம் 500 எம்பி முதல் 1 ஜிபி வரை இன்னொன்று. இரண்டுக்கும் சி, டி போன்ற ட்ரைவ் எழுத்து கொடுக்கப்படவில்லை. அதனால்தான் வழமையான இடத்தில் தெரிவதில்லை. 16 எம்பியில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது இந்தத் திரையிலும் வராது, தட்டச்சு செய்து இயக்கும் டிஸ்க்பார்ட் கட்டளையில்தான் காணலாம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அந்த 100 எம்பி. பெயர் ஈ.எவ்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன். பவர் பொத்தானை அழுத்தியதும் மதர்போர்ட் தேடிப் போவது இதைத்தான். விண்டோஸை எழுப்பும் கோப்புகள் இதற்குள் இருக்கின்றன. குளம் நிறைந்து நின்றாலும் துருசு திறபடாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் வராது. இந்தத் துண்டு அழிந்தால், சி ட்ரைவில் உங்கள் கோப்புகள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கும், ஆனால் பூட் செய்ய, அதாவது விண்டோஸை எழுப்ப, எதுவும் இல்லை என்று திரை சொல்லும்.

இதை ஏன் அழிக்கிறார்கள்? அந்தத் துண்டுக்கு நேரே "100 வீதம் ஃப்ரீ" என்று காட்டும். வெறும் இடம் என்று நினைத்துவிடுகிறார்கள். டிஸ்க் மனேஜ்மென்டுக்கு அதன் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது என்பதுதான் விஷயம். அந்தத் திரை அதை அழிக்கவும் விடாது. வெளி மென்பொருளை இறக்கி அழிப்பவர்களே மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு வழியிலும் மாட்டலாம். பழைய ஹார்ட் டிஸ்க் இருக்க, எஸ்எஸ்டி என்ற வேகமான புதிய டிஸ்க் போட்டு அதில் விண்டோஸ் நிறுவுகிறீர்கள். பழைய டிஸ்கில் ஏற்கெனவே ஈ.எவ்.ஐ. பகுதி இருந்தால், பூட் கோப்புகள் அங்கேயே போய்விடக்கூடும். ஆறு மாதம் கழித்து அந்தப் பழைய டிஸ்கைக் கழற்றினால் மெஷின் எழும்பாது, பழி புதிய எஸ்எஸ்டியின் மேல் விழும். நிறுவும்போது பழைய டிஸ்கின் வயரைக் கழற்றி வையுங்கள். ஐந்து நிமிட வேலை.

இப்படிப் பூட் பகுதி இல்லாமல் போய்விட்டால் சி ட்ரைவை ஃபோர்மட் பண்ணத் தேவையில்லை. விண்டோஸ் நிறுவும் பென் ட்ரைவில் பூட் செய்து, ஷிப்ட்டுடன் எவ் 10 அழுத்தினால் கட்டளைத் திரை வரும். டிஸ்க்பார்ட்டில் காலி இடம் 100 எம்பி எடுத்து ஈ.எவ்.ஐ. பகுதி உருவாக்கி, ஃபாட் 32 ஆக ஃபோர்மட் செய்து, எஸ் என்று எழுத்துக் கொடுத்து, வெளியே வந்து, பூட் கோப்புகளை மீண்டும் எழுதும் பிசிடி பூட் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அந்தச் சூழலில் உங்கள் சி ட்ரைவ் டி என்ற எழுத்தோடு தெரியலாம். முதலில் லிஸ்ட் வால்யூம் போட்டுப் பாருங்கள். டிஸ்க்பார்ட்டில் கிளீன் என்ற சொல்லைத் தட்டிவிடாதீர்கள். தெரிவுசெய்த டிஸ்கின் பார்ட்டிஷன் பட்டியல் முழுவதும் கேள்வியே இல்லாமல் போய்விடும்.

வலப்பக்கத்து ரிக்கவரி பகுதி அவ்வளவு ஆபத்தானதல்ல. அது போனாலும் விண்டோஸ் ஓடும், ஆனால் பழுதானால் தானே திருத்தும் வசதி போய்விடும். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், இந்தப் பகுதியில் 250 எம்பி காலி இடம் இல்லாத கணினிகளில் ஏறாமல் பிழை காட்டியது. சி ட்ரைவை வலப்பக்கம் பெருப்பிக்க முடியாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்: காலி நிலம் அடுத்த வரம்போடு ஒட்டியிருந்தால்தான் விண்டோஸ் சேர்க்கும், இடையில் இது நிற்கிறது. சிலவேளை இதற்குத் தற்செயலாக எழுத்துக் கிடைத்து, இடம் நிறைந்துவிட்டது என்று ஓயாமல் எச்சரிக்கை வரும். அழிக்காதீர்கள், எழுத்தை மட்டும் நீக்குங்கள்.

பார்ட்டிஷன் அளவு மாற்றும் வேலையை மாரிகாலத்து மாலையில், யூபிஎஸ் இல்லாத கணினியில் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் நின்றால் கோப்புகள் சிதறும். டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்ட மடிக்கணினி என்றால் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள்.

பாவித்த மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், கடையிலேயே கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ரீஏஜென்ட் சி இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுக்கச் சொல்லுங்கள். தானே திருத்தும் வசதியின் நிலையைச் சொல்லும் விண்டோஸ் ஆர்.ஈ. ஸ்டேட்டஸ் என்ற வரியில் எனேபிள்ட் என்று வரவேண்டும். டிசேபிள்ட் என்று வந்தால், காசு கொடுக்க முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

வணக்கம்.