லாரி மேலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் ஏன் கவிழ்கிறது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு அமெரிக்காவில் பயிருக்கு மருந்து அடிக்கிற ஹெலிகாப்டர்களைப் பற்றிப் பேசலாம், குறிப்பாக அவை கிளம்புகிற அந்தச் சில வினாடிகளைப் பற்றி. இந்தத் தொழிலில் மின்கம்பிதான் எமன் என்பார்கள், உண்மைதான். ஆனால் அங்கே விமான விபத்துகளை விசாரிக்கும் என்.டி.எஸ்.பி அறிக்கைகளைப் புரட்டினால், வயலுக்குப் போகும் முன்பே கவிழ்ந்தவையும் கண்ணில் படுகின்றன.

அயோவா, இல்லினாய்ஸ் பக்கம் மக்காச்சோளம் ஆண்பூ விடும் ஜூலை, ஆகஸ்டில் பூஞ்சைக்கொல்லி அடிப்பார்கள். சாலையோரம் ஒரு டேங்கர் லாரி நிற்கும், அதன் கூரைதான் ஹெலிபேட். ஹெலிகாப்டர் வந்து உட்காரும், விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், ஒருவர் குனிந்து போய் ஹோஸ் மாட்டி மருந்து நிரப்புவார், உடனே கிளம்பிவிடும். கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும். நாள் முழுக்க இதே வேலை.

இப்போது அந்த ஹோஸைக் கழற்றாமலோ, ஸ்கிட் எனப்படும் ஹெலிகாப்டரின் கால், லாரி மேடையின் விளிம்பில் மாட்டிக்கொண்டோ பைலட் கலெக்டிவை, அதாவது ஹெலிகாப்டரை மேலே எழுப்பும் நெம்புகோலைத் தூக்கினால் என்ன ஆகும்? ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் எழும், கீலில் திரும்பும் கதவு போல மொத்த ஹெலிகாப்டரும் அந்தக் காலைச் சுற்றிச் சாயும். டைனமிக் ரோல்ஓவர் என்பது இதுதான். சாய்வு 5 முதல் 8 டிகிரியைத் தாண்டினால் எதிர்ப்பக்கம் எவ்வளவு ஸ்டிக்கைத் தள்ளினாலும் நிற்காது. அதற்கு முன்பே கலெக்டிவை நிதானமாக இறக்க வேண்டும், அதற்குக் கிடைப்பது ஓரிரு வினாடிதான்.

அப்புறம் எடை. ராபின்சன் ஆர்44 ரேவன் 2 ஹெலிகாப்டருக்கு அதிகபட்சம் 1,134 கிலோ, பைலட், பெட்ரோல், மருந்து எல்லாம் சேர்த்து. மதிய வெயிலில் காற்று லேசாகிவிடும், எஞ்சினும் சோர்ந்துபோகும், விசிறியின் தூக்கும் சக்தியும் குறையும். லாரி விளிம்பைத் தாண்டியதும் கீழே தாங்கிப் பிடித்த காற்றும் போய்விடும், மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகம் வரும்வரை எல்லாமே எஞ்சின் தலையில்தான். விசிறியின் சுற்று குறைந்து எச்சரிக்கை ஒலி கேட்கும்போது பயத்தில் இன்னும் கலெக்டிவை இழுத்தால் சுற்று மேலும் விழும், நேரே சோளத்துக்குள்தான்.

இதையெல்லாம் பைலட் தவறு என்று ஒரே வரியில் முடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மழை வருவதற்குள் அடித்து முடி என்று அவசரம், தூக்கமில்லாத நாட்கள், அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது வரும் மறதி, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த ஹோஸ் மாட்டியபடியே நிற்கிறது. நிரப்புகிறவர் பைலட் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று, கழற்றிய ஹோஸைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் கலெக்டிவில் கை போக வேண்டும். வெயில் ஏறினால் டேங்கை நிரப்பாமல் நிறுத்த வேண்டும், கூடுதலாகச் சில நடை போனாலும் பரவாயில்லை. ஏனென்றால் ஹெலிகாப்டர் லாரி மேல் சாயும்போது, சுற்றும் விசிறிக்கு மிகப் பக்கத்தில் நிற்பது அந்த ஹோஸ் பிடித்த ஆள்தான், அவருக்கு சீட் பெல்ட்டும் கிடையாது, ஓட இடமும் கிடையாது.