கணக்கு தெரியும், கேள்விதான் புரியல

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இங்க கேரளத்து இடுக்கி மலையில வண்டிப்பெரியார், பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்ட லயத்துல இருந்து கேக்குறவங்களுக்கும், கம்பத்துல இருந்து ஏலக்காட்டுக்கு ஜீப்ல வந்து போறவங்களுக்கும் சேத்துதான். நான் இந்த மலையில தமிழ் மீடியம் ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. அப்புறம் தான்சானியாவுல வாலண்டியர் டீச்சரா இருந்தேன், அதப் பத்திப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. ஊர் சுத்திப் பாத்த கதைய விட்டுட்டு பள்ளிக்கூடத்துல ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்றேன்.

நான் இருந்தது மோஷி டவுனுக்கு மேல, கிளிமஞ்சாரோ மலைச்சரிவுல ஒரு அரசு செகண்டரி ஸ்கூல். 5,895 மீட்டர் மலை அது, ஆனா பாதி நாள் மேகம் மூடியிருக்கும், கண்ணுல படுறதெல்லாம் வாழையும் அதுக்கு நடுவுல காப்பிச் செடியும்தான், நம்ம ஊர்ல இருந்து போனவளுக்கு அந்த மண்ணு அந்நியமாவே தெரியல. காலைல ஏழு மணிய அங்க ஒரு மணின்னு எண்ணுவாங்க, பொழுது விடிஞ்சதுல இருந்து கணக்கு, டைம்டேபிள்ல ஏழரைன்னு இருக்கும் பிள்ளைங்க ஒன்றரைம்பாங்க, ரெண்டு நாள்ல பழகிரும். மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே பிள்ளைங்க வந்து விளக்குமாறு எடுத்து முற்றம் பெருக்குவாங்க, சில பேர் வாளியில தண்ணி தூக்கிட்டு வருவாங்க. பெரியவங்களப் பாத்தா "ஷிகாமோ"ன்னு சொல்லாம தாண்டிப் போக மாட்டாங்க, நாம "மரஹபா"ன்னு பதில் சொல்லணும், அதச் சொல்லாமப் போனா மரியாதையில்ல. மத்தியானம் மகாண்டே, மக்காச்சோளமும் பயறும் ஒண்ணா வேகவச்சது, வயித்துல நல்லா நிக்கும்.

அந்த நாட்டோட முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேவே ஒரு வாத்தியார்தான், இன்னைக்கும் அவர "ம்வாலிமு", அதாவது வாத்தியார்னுதான் சொல்றாங்க. அவர் காலத்துல இருந்து பிரைமரி ஏழு வருஷமும் அந்த நாட்டு பாஷை சுவாஹிலியிலதான் பாடம், இங்கிலீஷ் ஒரு சப்ஜெக்ட் மட்டும். ஃபார்ம் ஒன்னுக்கு, அதாவது செகண்டரியோட மொத வருஷத்துக்கு வந்த உடனே கணக்கு, சயின்ஸ், புவியியல் எல்லாமே இங்கிலீஷ். டிசம்பர் வரைக்கும் ஒரு மொழியில யோசிச்ச பிள்ளை ஜனவரியில இன்னொண்ணுல பாடம் படிக்கணும். 2016ல இருந்து அரசுப் பள்ளியில ஃபார்ம் ஃபோர் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, அது ரொம்ப நல்ல விஷயம், ஏழை வீட்டுப் பிள்ளைங்கல்லாம் உள்ள வந்துட்டாங்க, ஆனா வகுப்புல கூட்டம் நிரம்பி வழியுது, ஒரு புத்தகத்துல மூணு நாலு தலை குனிஞ்சிருக்கும்.

ஒரு பொண்ணு, ஃபார்ம் ஒன், ரெண்டாவது பெஞ்ச். கரும்பலகையில வெறும் எண்ணா போட்டா மொதல்ல முடிக்கிறது அவதான், வகுத்தல், பின்னம், எதுவா இருந்தாலும். அதே கணக்க "ஒரு விவசாயி இத்தன மூட்டை காப்பி வித்தார், மீதி எவ்வளவு"ன்னு இங்கிலீஷ் வாக்கியமா எழுதினா பேனாவ மூடி வச்சிருவா. பரீட்சை பேப்பர்ல அவளுக்குக் கிடைக்கிறது முட்டை. நான் உள்ளூர் கணக்கு சார்கிட்ட பேசி, பலகைய நடுவுல கோடு போட்டுப் பிரிச்சோம், ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் அவர் எழுதுற சுவாஹிலி. அவளையே கூப்பிட்டு மத்த பிள்ளைங்களுக்கு அவங்க பாஷையில விளக்கச் சொன்னோம். கையில சாக்பீஸோட அவ நின்ன நிமிர்வு இருக்கே! அதுக்கப்புறம் வாக்கியக் கணக்க விடாம முட்டி மோதிப் பாத்தா, பாதி வந்துச்சு பாதி வரல, ஆனா பேனா மூடல.

இத நான் அங்க போய்க் கத்துக்கல. பீர்மேட்டுலயும் தேவிகுளத்துலயும் பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்ச நம்ம பிள்ளை ப்ளஸ் ஒன் போனா புத்தகம் இங்கிலீஷ், டீச்சர் விளக்குறது மலையாளம், வீட்டுல கொழுந்து எடுத்துட்டு வந்த அம்மாகிட்ட கேக்குற சந்தேகம் தமிழ். இந்தப் பிள்ளைங்கள மூணு மொழிக்கு நடுவுல கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போன டீச்சர்ஸ் இந்த மலை முழுக்க இருக்காங்க, ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்திருக்காங்க. நமக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமா வராதே, நாம எங்க வெளிநாடு போறதுன்னு நினைக்கிறாங்க. சரளமா இங்கிலீஷ் பேசுற இளவயசுப் பிள்ளைங்க நிறைய பேர் அங்க வந்தாங்க, நல்ல மனசுக்காரங்க, ஆனா ஒரு மாசம் இருந்து போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிருவாங்க, பிள்ளைங்க அடுத்த ஆளுக்குப் பேரச் சொல்லி மறுபடி ஆரம்பிக்கணும். இது எனக்கு சரியாவே படல. அங்க தேவை ஒரு பிள்ளைக்குக் கணக்கு புரியலயா கேள்வி புரியலயான்னு முகத்தப் பாத்தே கண்டுபிடிக்கிற ஆளு. அது ரிட்டயர் ஆன டீச்சர்ஸ் உங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் நோட்டுத் திருத்துறது, கரண்ட் போனா லாந்தர் வெளிச்சத்துல, அடுத்த நாள் பாடத்த உள்ளூர் சார் கூட உக்காந்து எழுதுறது, அவ்வளவுதான் வாழ்க்கை. நீங்க கிளம்பின பிறகும் அவர்தான் நடத்தணும், அதனால அவர முன்ன நிறுத்துங்க.

போறதா இருந்தா டூரிஸ்ட் விசாவுல போகாதீங்க, வாலண்டியருக்கு ரெசிடென்ஸ் பெர்மிட்ல சி கிளாஸ்னு தனியா இருக்கு, கூப்பிடுற அமைப்பே அத எடுத்துத் தரணும், தரலன்னா அந்த அமைப்பு வேணாம். மலேரியா மாத்திரைக்கு டாக்டரப் பாருங்க, கொசுவலை கட்டாயம். வருஷப் படிப்பு ஜனவரியில தொடங்குது, முழு வருஷம் இருக்க முடிஞ்சா மட்டும் கிளம்புங்க, ஃபார்ம் ஒன் பிள்ளைங்க உள்ள வர்ற மொத வாரமே நீங்க அந்த வகுப்புல நிக்கணும். விவரம் வேணும்னா நிலையத்துக்கு ஒரு கடுதாசி போடுங்க, எனக்குத் தெரிஞ்சத எழுதி அனுப்புறேன். வணக்கம்.