ஊசியைப் பறித்த ஊர்

நண்பர்களே, "போதை ஊசி போடுகிறவனுக்கு அரசாங்கமே புது ஊசி கொடுக்கிறதாமே, இது அடுக்குமா?" என்று எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது கேட்டுவிடுகிறார். கொடுப்பது உண்மைதான். நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்திலேயே அது இருக்கிறது. கொடுக்காமல் இருந்து பார்த்த ஊரின் கதையைச் சொல்கிறேன்.

1980களின் தொடக்கம். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹெராயின் தாராளமாகக் கிடைத்தது, ஊசிதான் கிடைக்கவில்லை. மருந்துக் கடைகள் விற்க மறுத்தன. சிரிஞ்சோடு பிடிபட்டால் போலீஸ் பறித்துக்கொண்டது. ஊசி இல்லாவிட்டால் பழக்கமும் போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள் போல. போகவில்லை. இருந்த ஒரே ஊசி ஆள் மாற்றி ஆள் கைமாறியது.

அந்த நகரின் மியூர்ஹவுஸ் என்ற ஏழைப் பகுதியில் ராய் ராபர்ட்சன் என்றொரு குடும்ப மருத்துவர். ஹெராயின் பழக்கமுள்ள நோயாளிகளிடம் மஞ்சள் காமாலைக்காக எடுத்த ரத்தம் சேமிப்பில் இருந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை வந்ததும் அதைச் சோதித்தார்கள். 164 பேரில் 51 சதவீதத்தினருக்குத் தொற்று! 1986இல் இந்த முடிவு வெளியானது. சற்றுத் தள்ளியிருக்கும் கிளாஸ்கோவிலும் அதே வறுமை, அதே ஹெராயின். ஆனால் ஊசிக்கு இவ்வளவு பஞ்சமில்லை. தொற்று பல மடங்கு குறைவு.

அப்புறம்தான் வேலை நடந்தது. அதே ஆண்டு, எய்ட்ஸ் பரவலை ஆராய ஸ்காட்லாந்தில் அரசு அமைத்த மெக்லெலண்ட் குழு, சுத்தமான ஊசி கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. 1987இல் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதியதைத் தரும் மையங்கள் வந்தன. கூடவே மெதடோன். இது வாயால் குடிக்கிற மருந்து. ஹெராயின் இல்லாதபோது வரும் உடம்பு முறுக்கலையும் நடுக்கத்தையும் அடக்கும், அதனால் ஊசியின் தேவையே குறையும். என்னைக் கேட்டால் ஊசியைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம். இந்தியாவில் அந்த இடத்தில் பெரும்பாலும் பியூப்ரெனார்ஃபின். நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை.

கிளாஸ்கோவும் கடைசிவரை தப்பவில்லை. 2015இல் அங்கே வீடில்லாமல் தெருவில் கிடந்தவர்களிடையே எச்.ஐ.வி. பரவியது. செவிலியர் கண்முன்னே ஊசி போட்டுக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்ற பேச்சு அதன் பிறகு சூடுபிடித்தது. சட்டச் சிக்கலில் பல வருடம் இழுத்து, 2025 ஜனவரியில்தான் 'தி திசில்' என்ற மையம் திறந்தது. பிரிட்டனில் அனுமதி பெற்ற முதல் இடம் அது. போதைப்பொருளை அங்கே தருவதில்லை, அவரவர் கொண்டுவருவதுதான். சுத்தமான ஊசி உண்டு. அளவு மீறி மூச்சு நின்றால் ஆக்சிஜனும், ஹெராயினின் வேலையை முறிக்கும் நாலாக்ஸோன் என்ற மருந்தும் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் உண்டு.