ஊரே விற்கும்போது வாங்குகிறவர்
(சேலத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் பேராசிரியர் ஐயா அவர்களே, வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும் காப்பித் தோட்டக்காரர்களே, நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தம்பிகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. இளம்பிள்ளைத் தறியில் நெய்தது என்றார்கள். அதற்குத் தனி நன்றி.

மதிப்புப் பார்த்துப் பங்கு வாங்குவதில், அதாவது கம்பெனியின் உண்மையான மதிப்பைவிட விலை குறைந்திருக்கும்போது வாங்குவதில், மூன்று கேள்விகள்: எதை வாங்குவது, எப்போது வாங்குவது, எத்தனையாகப் பிரித்துப் போடுவது. மூன்றுக்கும் என்னிடம் ஒரே பழமொழிதான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.

2020 மார்ச் 23. மும்பைப் பங்குச் சந்தையின் குறியீட்டெண்ணான சென்செக்ஸ் ஒரே நாளில் 3,900 புள்ளிக்கு மேல் சரிந்து 26,000-க்குக் கீழே போனது. ஜனவரியில்தான் 42,000-ஐத் தொட்டிருந்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பருக்கு மைத்துனர் போன் போட்டார். "மாமா, எல்லாத்தையும் வித்துடுங்க!" நண்பர் வெள்ளி வரவு எழுதும் நீள நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கங்களில் சில கம்பெனிப் பெயர்கள். எதிரே கடன் எவ்வளவு, ரொக்க வரவு எவ்வளவு, என்ன விலைக்கு வந்தால் வாங்கலாம். எல்லாம் முந்தின தீபாவளிக்கே எழுதி வைத்தது. விலை வந்துவிட்டது, வாங்கினார். அதுவும் கையிலிருந்ததில் ஒரு பகுதிக்குத்தான்.

மறுவாரம் அதே மைத்துனர். "மாமா, இன்னொரு கம்பெனி பாதி விலைக்கு வந்துடுச்சு, அள்ளிடலாம்!"

"மாப்ளே, அவன் கிளைக் கம்பெனி கடனுக்கு ஜாமீன் நின்னிருக்கான், தெரியுமா?"

"அது எங்க போட்டிருக்கு?"

"ஆண்டறிக்கையில, பின்னாடி, பொடி எழுத்துல."

"எனக்கு இங்கிலீஷ் வராதே மாமா!"

சிரிக்கிறீர்கள். நண்பருக்கும் வராது, பி.காம். படிக்கும் மகள்தான் வாசித்துச் சொல்கிறாள். ஊருக்கு எதிராகப் போவது மட்டும் கெட்டிக்காரத்தனம் இல்லை. கணக்குப் பார்க்காமல் போனால் அது வெறும் வீம்பு. தோட்டக்காரர்களுக்குத் தெரியும்: 2001 வாக்கில் உலகச் சந்தையில் காப்பி விலை அடிமட்டத்தில் கிடந்தது. செடி அதே செடிதான். ஆனால் வட்டிக்கு வாங்கித் தோட்டம் நடத்தியவரால் விலை ஏறும்வரை காத்திருக்க முடியுமா?

அளந்து போடு என்கிறோம், சரி. அளவுகோல் இங்கிலீஷில் இருந்தால் மகள் இல்லாதவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டில் ஆலை வைத்து, நம் பணத்தையும் வாங்கும் கம்பெனிகள் ஆண்டறிக்கையைத் தமிழிலும் தர வேண்டும். முழுதும் முடியாவிட்டால் கடன், ஜாமீன், வழக்கு, இந்த மூன்று பகுதியையாவது தரட்டும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்கு மனு தயார்.

பிரித்துப் போடுவது பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் மேசை போட்டிருக்கிறோம். கையெழுத்தோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். மனுவைப் படித்துவிட்டுப் போடுங்கள், அது தமிழில்தான் இருக்கிறது.