அரங்கின் விளிம்பில் நின்றவர்

நேயர்களுக்கு வணக்கம்.

பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் அரங்கின் ஓரத்தில் ஓர் இருக்கை போட்டிருப்பார்கள். ஆடி முடித்தவர் மூச்சு வாங்க வந்து அதில் உட்காருவார். பக்கத்தில் பயிற்சியாளர். மதிப்பெண் வரும்வரை கேமரா இருவர் முகத்தையும் விடாது. அந்த இடத்துக்கு 'கிஸ் அண்ட் கிரை' என்று பெயர். மார்க் எவ்வளவு வந்தாலும் ஆசிரியரும் சேர்ந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி அருகருகே உட்கார்ந்த இரண்டு ஜப்பானியர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்: மாவோ அசாடா, அவருடைய ஆசிரியர் நொபுவோ சாட்டோ.

2010 வான்கூவர் ஒலிம்பிக்ஸில் மாவோவுக்கு வெள்ளி. அப்போது வயது 19. அந்தப் போட்டியில் மூன்று டிரிப்பிள் ஆக்ஸல்கள் தாவினார். மற்றத் தாவல்களெல்லாம் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புபவை; ஆக்ஸல் மட்டும் முகம் முன்னே பார்க்க எழும்புவது. அதனால் மூன்று சுற்று என்பது காற்றில் மூன்றரைச் சுற்றாகிவிடும். அதுவரை பெண்களில் அதைத் தொட்டவர்களே மிகச் சிலர். அடுத்த மாதம் உலகச் சாம்பியன் பட்டமும் வந்தது, இரண்டாவது முறையாக.

அப்படிப்பட்டவர் அதே ஆண்டில், 68 வயது சாட்டோவிடம் மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். சாட்டோ பத்து முறை ஜப்பான் சாம்பியன். தன் மகள் யூக்காவை 1994இல் உலகச் சாம்பியனாக்கியவர். அவர் மாவோவை எங்கே தொடங்கவைத்தார் தெரியுமா? சரளி வரிசையில். கச்சேரி செய்து கைதட்டல் வாங்கியவரை உட்காரவைத்து மறுபடி ஸ ரி க ம பாடச் சொல்வதுபோல. எப்படிச் சறுக்குவது, வேகத்தைக் குறைக்காமல் தாவலுக்குள் எப்படிப் போவது என்பதிலிருந்து. மாவோவின் தாவல்களில் பழைய குறைகள் இருந்தன. லட்ஸ் என்ற தாவலில் காலணிக்கு அடியிலுள்ள கத்தியின் வெளிவிளிம்பில் எழ வேண்டும். இவர் கால் உள்விளிம்புக்குச் சாய்ந்துவிடும். வருடக்கணக்கில் உடம்பில் ஊறிய பழக்கம். கற்றுக்கொடுப்பதைவிடக் கற்றதை மறக்கவைப்பது எவ்வளவு கடினம் என்பது பாட்டோ நடனமோ சொல்லிக்கொடுத்தவர்களுக்குத் தெரியும்.

பலன்? முதலில் சரிவுதான். அந்த அக்டோபரில், சொந்த ஊரான நகோயாவில் நடந்த என்எச்கே கோப்பை என்ற சர்வதேசப் போட்டியில் எட்டாம் இடம். 2011 உலகப் போட்டியில் ஆறாம் இடம், 2012இலும் ஆறு. நடுவே 2011 டிசம்பரில் தாயாரின் மரணம். அதே மாதம் தேசியப் போட்டியில் ஆடி வென்றார். ஆசிரியரை மாற்றிக்கொள்ள அவருக்குக் காரணத்துக்கா பஞ்சம்? மாற்றவில்லை.

ஆக்ஸல் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. அடிப்படை சீராகும்வரை அதை விட்டுவைக்கலாம் என்பது ஆசிரியர் பக்கம். அது இல்லாமல் நான் யார் என்பது மாணவி பக்கம். சில காலம் மாவோ அதை விட்டார்; 2013 தொடக்கத்தில் ஒசாகாவில் மறுபடி தாவினார். என் மனதில் இவர்களுடைய உறவின் உயிர் இந்த இழுபறியில்தான் இருக்கிறது. மற்ற எல்லாவற்றிலும் மாணவி வளைந்தார். இந்த ஒன்றில் ஆசிரியர் வளைந்தார்.

பிறகு சோச்சி ஒலிம்பிக்ஸ். 2014 பிப்ரவரி 19, இரண்டு ஆட்டங்களில் முதலாவதான குறு நிகழ்ச்சி. ஆக்ஸலில் விழுந்தார். இரண்டு தாவல்களைத் தொடர்ந்து போடும் கூட்டுத் தாவலும் கைநழுவிப் போயிற்று. 55.51 புள்ளி, பதினாறாம் இடம். பதக்கக் கனவு அந்த இரவே முடிந்தது. மறுநாள் நான்கு நிமிட ஆட்டம் பாக்கி.

அன்று சாட்டோ அவரிடம் சொன்னது பின்னால் ஜப்பான் முழுக்கப் பேசப்பட்டது. நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் நானே வந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்பதுதான் அதன் சாரம். 72 வயது ஆசிரியர், 23 வயது மாணவியிடம். ஜெயித்துவிடுவாய் என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். விழுந்தால் நான் இருக்கிறேன் என்றார்.

ராச்மனினோவின் இரண்டாவது பியானோ கான்செர்டோ ஒலிக்க, மாவோ ஆடினார். முதலில் ஆக்ஸல். நின்றது. அதையும் சேர்த்து மூன்று சுற்றுத் தாவல்கள் எட்டு. தாவலின் ஆறு வகையும் அதில் அடக்கம். ஒன்றிலும் விழவில்லை. லட்ஸில் அந்தப் பழைய விளிம்புக் குறை அன்றும் எட்டிப் பார்த்தது, நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள். கடைசி ஸ்வரத்தில் முகத்தை மேலே தூக்கி நின்றவர், அப்படியே அழுதார். பிறகு சிரிக்க முயன்றபடி குனிந்து வணங்கினார். 142.71, அவர் வாழ்நாளில் அதுவரை எடுத்திராத புள்ளி. மொத்தத்தில் ஆறாம் இடம்.

அடுத்த மாதம் ஜப்பானின் சைத்தாமாவில் மூன்றாம் முறையாக உலகச் சாம்பியன் ஆனார். ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த ஆறாம் இடத்து ஆட்டத்தைத்தான். மாவோ பனியைக் கடந்து வெளியே வரும் இடத்தில் சாட்டோ காத்திருக்கிறார். உள்ளே போகவேண்டிய தேவை அவருக்கு வரவில்லை.