எழுந்து நின்றதும் இறங்கும் பிரஷர்

நேயர்களுக்கு வணக்கம்.

"எனக்கு லோ பிரஷர்" என்று நம் பக்கம் பலர் சொல்வது, நாற்காலியில் உட்காரவைத்து ஒரே ஒரு தடவை அளந்த கணக்கை வைத்துத்தான். இன்றைக்குப் பேச வந்தது அந்த லோ பிரஷரைப் பற்றி அல்ல, எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குவதைப் பற்றி. உட்கார்ந்திருக்கும்போது 150 காட்டும் ஒரு பெரியவருக்கு, எழுந்து நின்ற ஒரே நிமிடத்தில் அது 115க்கு இறங்கிவிடலாம். அவர் சீட்டில் எழுதியிருப்பதோ உயர் ரத்த அழுத்தம். விடியற்காலை கழிப்பறைக்கு எழுந்தவர் கண் இருட்டி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது தாழ்வழுத்தத்தால். நிற்கவைத்து அளக்காதவரை இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது யாருக்கும் தெரியாது.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ரத்தம் கால்களுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் இதைக் கண்டு மூளைத் தண்டுக்குச் சேதி அனுப்ப, சில நொடிகளில் ரத்தக் குழாய்கள் இறுகி, நாடியும் கூடிவிடும். இந்த ஏற்பாடு மூன்று இடங்களில் கெடலாம். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம், மாத்திரை குழாய்களைத் தளர்த்தியிருக்கலாம், அல்லது நரம்பே பழுதாகியிருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை நோயிலும் பார்க்கின்சன் நோயிலும் நடப்பது மூன்றாவது.

1925இல் அமெரிக்காவில் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற இரு மருத்துவர்கள் மூன்று நோயாளிகளை வைத்து இதை விவரித்தார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை வர 1996 வரை ஆனது. 2011இல் அதைத் திருத்தினார்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கி, இறங்கியபடியே நின்றால் இந்த நோய் இருக்கிறது என்று பொருள். படுத்திருக்கும்போதே பிரஷர் அதிகமாக உள்ளவருக்கு மேல் எண்ணில் 30 இறங்கினால்தான் கணக்கு.

இந்தத் துறையில் ஓர் ஆய்வு தேறுவதும் தேறாததும் அளக்கும் விதத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. முதலில் ஐந்து நிமிடம் படுக்கவேண்டும், அப்போது பேச்சு கூடாது. படுத்தபடியே ஒரு தடவை அளந்துவிட்டு எழுந்து நிற்கவேண்டும். பிறகு ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. தவறு நடப்பது பெரும்பாலும் கையில்தான். நின்றதும் கையைத் தொங்கவிட்டால் பட்டை கட்டிய இடம் இதயத்துக்குக் கீழே போய்விடும். பத்து சென்டிமீட்டர் கீழே போனால் ஏறக்குறைய 7 அல்லது 8 எண் கூடுதலாகக் காட்டும். உண்மையில் 22 இறங்கியது 14 என்று பதிவாகும், நோயாளி "நார்மல்" ஆகிவிடுவார். அதனால் கையை மார்பு உயரத்தில் ஒரு மேசையிலோ, உதவிக்கு நிற்பவர் கையிலோ தாங்கிப் பிடிக்கவேண்டும்.

டிஜிட்டல் கருவி பட்டையை இறுக்கித் தளர்த்தி எண்ணைக் காட்ட அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஆகும். நின்ற முதல் பதினைந்து நொடியில் சட்டென்று 40 இறங்கி உடனே மீளும் வகை ஒன்று உண்டு. இளம் வயதினருக்கு வருவது பெரும்பாலும் இதுதான். அது இந்தக் கருவிக்குச் சிக்காது. விரலில் சிறு பட்டை மாட்டி ஒவ்வொரு துடிப்புக்கும் அழுத்தம் எழுதும் கருவி வேண்டும். அதன் அடிப்படை முறையை 1973இல் வெளியிட்டவர் செக் நாட்டு யான் பெனாஸ்.

மூன்றாவது நிமிட அளவே முக்கியம் என்று நெடுநாள் எண்ணியிருந்தோம். அமெரிக்காவில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நடுவயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2017இல் அதைப் புரட்டிப்போட்டது. முதல் நிமிடத்துக்குள் தெரியும் இறக்கத்துக்குத்தான் தலைசுற்றலோடும் பின்னாளில் வரும் விபத்துகளோடும் நெருங்கிய தொடர்பு இருந்தது.

நாடியையும் சேர்த்து எழுதுங்கள். மேல் எண் 40 இறங்கி நாடி 8 மட்டும் கூடினால், எட்டை நாற்பதால் வகுக்க 0.2. அரைக்குக் கீழே வந்தால் நரம்புக் கோளாறைச் சந்தேகிக்கலாம். நாடி 30 கூடியிருந்தால் 0.75, அங்கே நீர்ச்சத்தையும் மாத்திரையையும் பார்க்கவேண்டும். நாடி கூடவிடாமல் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கும் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் இந்தக் கணக்கு உதவாது.

நம் ஊர் நடைமுறைக்கு வருவோம். விருத்தாசலத்திலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து ஜிப்மருக்கு வருபவர், சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிறு என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து நாக்கு வறள உட்கார்ந்திருப்பார். வெறும் தண்ணீர் குடிக்கலாம், தடையில்லை. அந்த நிலையில் பத்து மணிக்கு எடுத்த அளவையும், அடுத்த மாதம் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணிக்கு எடுத்த அளவையும் ஒப்பிட்டு மருந்து வேலை செய்தது என்று சொன்னால் அது ஆய்வாகாது. காலையில் இறக்கம் அதிகம்; வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள்ளும் அப்படியே. கத்திரி வெயில் இன்னும் மோசம். ஆகவே ஒரே நேரம், ஒரே அறைச் சூடு, சாப்பிட்டு இத்தனை மணி என்று எல்லாமே முன்கூட்டி எழுதியிருக்கவேண்டும். ஒப்பீட்டுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை வைப்பதும் இதனால்தான், ஏமாற்றுவதற்கு அல்ல.

சிகிச்சையில் மிக மலிவானது தண்ணீர். அரை லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்தால், நரம்புக் கோளாறு உள்ளவருக்கு அரை மணி நேரத்தில் அழுத்தம் நன்றாகவே ஏறும். இதய பலவீனத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீர் அளவு குறித்துக் கொடுத்திருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். வயிற்றைச் சுற்றி இறுக்கும் பெல்ட்டும் பலன் தருகிறது. முழங்கால்வரை மட்டும் வரும் சாக்ஸ் அவ்வளவாக உதவாது, ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றில். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலோ தேவனாம்பட்டினத்திலோ வெயிலில் நிற்கும்போது கண் மங்கினால், கால்களைக் குறுக்காக வைத்துத் தொடையையும் பிட்டத்தையும் இறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அங்கேயே குந்தி உட்காருங்கள், யார் பார்த்தால் என்ன?

ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை ஏற்றும் மிடோட்ரின் மாத்திரையின் கதை ஆய்வாளர்களுக்கு ஒரு பாடம். நிற்கும்போது எண் ஏறுகிறது என்பதை வைத்து 1996இல் அமெரிக்கா அனுமதித்தது. அந்த ஏற்றத்தால் நோயாளிக்கு வாழ்க்கையில் பலன் உண்டு என்று நிறுவும் ஆய்வு வரவில்லை என 2010இல் அனுமதியைத் திரும்பப் பெற முனைந்தது. மாத்திரை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாத்திரை போட்ட நான்கு மணி நேரத்துக்குப் படுக்கக் கூடாது, படுத்தால் அழுத்தம் எகிறும். தலை அரிக்கும், மயிர் சிலிர்க்கும், சிறுநீர் அடைக்கலாம். பிராஸ்டேட் வீக்கம் உள்ளவர் இதை முன்பே சொல்லிவிடவேண்டும்.

தலைசுற்றுகிறது என்று பிரஷர் மாத்திரையைத் தாமாக நிறுத்துபவர்கள் உண்டு. தீவிரமாக பிரஷரைக் கட்டுப்படுத்துவதால் இந்த இறக்கம் கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு 2020இல் வந்தது. சந்தேகிக்கவேண்டியது பிராஸ்டேட் மாத்திரை, நீர் மாத்திரை, நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவற்றை. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

மருந்துப் பரிசோதனையில் சேர உங்களை அழைத்தால், இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் முதல் அந்தப் பதிவு கட்டாயம். தமிழில் எழுதிய விளக்கத் தாளை வாங்கி வீட்டில் படித்த பிறகு கையெழுத்துப் போடலாம். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்காது.

திடீரென்று இந்த வாரம்தான் இப்படி வருகிறது, மலமும் தார் போலக் கறுத்துப் போகிறது என்றால் எந்த அளவும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அது குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம், அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.